பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி

இலங்கையில் போர் நடந்த வருடங்களில், கோலா கிளாவாங் பக்கத் தோட்டங்களில் நிதி கேட்டு யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்களாம். பால்வெட்டுக் கூலியிலிருந்து ஐந்து ரிங்கிட்டாவது போடுவார்கள் என்று அப்பா சொல்வார். "அங்க நம்ம பிள்ளைங்க கஷ்டப்படுதுங்க" என்றால் போதும்.

அந்தப் பிள்ளைகளில் பலர் துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டவர்கள். இதைப் பேசத்தான் நமக்குக் கஷ்டமா இருக்கு. ஏனென்றால் தூக்க வைத்தவர்களும் நம்மவர்கள்தான். விடுதலைப் புலிகள் சேர்த்த 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று யூனிசெஃப் பதிவு செய்தது மட்டும் 5,000 பேருக்கு மேல். 2004இல் பிரிந்துபோன கருணா அணியும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது. அதற்கு அரசப் படையினர் சிலர் துணை நின்றதாக 2006இல் ஐ.நா. சார்பில் போன ஆலன் ராக் சொன்னார்.

"அது விடுதலைப் போர், தம்பி" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். நாம் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள். அபிமன்யுவுக்குப் பதினாறு வயது. சக்கர வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று அவனே சொன்னான். நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று தருமர் அனுப்பி வைத்தார். வர முடியவில்லை. அவனுடைய வீரத்தை நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். அன்று தருமர் அழுத அழுகையைப் பேசுவதில்லை. நியாயமான பக்கத்தில் நின்றவர், தருமம் என்றே பெயர் வாங்கியவர், அவர் அனுப்பியும் அது சரியாகிவிடவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2009 மே மாதம் போர் முடிந்ததும் 594 பிள்ளைகள் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 230 பேர் பெண் பிள்ளைகள். பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கி, விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள். ஒரு வருடத்தில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அதோடு முடிந்ததா? குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பது, தொழில் கற்றுக்கொடுப்பது, ராத்திரி தூங்க முடியாதவனோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் வருடக் கணக்கில் இழுக்கும் வேலை. சோற்றுப் பொட்டலம் மாதிரி படம் பிடித்துக் காட்டவும் முடியாது. உதவி தேவைப்படுவதே இங்கேதான்.

ஆனால் யாரிடம் கொடுப்பது? தமிழர் புனர்வாழ்வுக் கழகம் சுனாமி நேரத்தில் நிஜமாகவே மக்களுக்கு உதவியது. 2007இல் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. புலிகளுக்குப் பணம் சேர்க்கும் அமைப்பு என்பது குற்றச்சாட்டு; கழகம் மறுத்தது. குற்றச்சாட்டு உண்மை என்றால், பிள்ளைக்கு என்று போட்ட காசே பிள்ளையைப் பிடித்துப் போகவும் உதவியிருக்கலாம். கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்காது. தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்தால் பந்தல் செலவு, அன்னதான அரிசி வரைக்கும் கணக்கை வாசிக்கச் சொல்கிறோம், தலைவர் கோபித்துக்கொள்வதில்லை. கடல் தாண்டிப் போகிற காசுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

கேள்வியை அமைப்பிடம் கேட்கணும். பிள்ளையிடம் கேட்கக் கூடாது. "நீ எந்த அணி? யாரையாவது சுட்டியா?" என்று கேட்டுவிட்டு, புலிகளிடம் இருந்தவனுக்குத் தருவேன், கருணாவிடம் இருந்தவனுக்குத் தரமாட்டேன் என்றால், பன்னிரண்டு வயதில் அவனே யோசித்து அணியைத் தேர்ந்தெடுத்தான் என்று நாமே சொல்கிற மாதிரி. 18 வயதுக்குக் கீழ் யாரையும் போருக்குக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்ற ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியாவும் 2012இல் சேர்ந்திருக்கிறது. அதில் இனம், மதம் பார்க்கவில்லை.

அந்த 594 பேரும் இன்று பெரியவர்கள். இப்போது பிள்ளைகள் துப்பாக்கி தூக்குவது மியன்மாரில், காங்கோவில், சூடானில். அவர்கள் "நம்ம பிள்ளைங்க" இல்லைதான்.

எங்கள் கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா கேட்டார்: "இங்கேயே டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளைங்க இருக்குதே, தம்பி?" நியாயமான கேள்வி. டியூஷன் நிதியைத் தொட வேண்டாம், ஆளுக்கு மாதம் இரண்டு ரிங்கிட் தனியாக எடுத்து வைப்போம் என்று பேசியிருக்கிறோம். இரண்டு அமைப்புகளிடம் போன வருடக் கணக்கைக் கேட்டு எழுதியாகிவிட்டது. பதில் வந்த பிறகுதான் யாருக்கு என்று முடிவு.