பணம் கொடுத்தவரின் பெயரும் கருவின் மதிப்பும்

தேர்தலில் யார் எவ்வளவு பணம் செலவிடலாம், அப்பணம் எங்கிருந்து வந்தது என்பதை வெளியிட வேண்டுமா என்ற கேள்விகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய முக்கியத் தீர்ப்புகள் சில, கருத்தரித்த கணத்திலிருந்தே மனித உயிருக்கு முழு மதிப்பு உண்டு என வாதிடும் அமைப்புகளின் வழக்குகளில் பிறந்தவை. 1978இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அத்தகைய ஓர் அமைப்பு, கருக்கலைப்பு குறித்து வேட்பாளர்கள் எடுத்த நிலைகளைத் தொகுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டு வழங்கியது. நிறுவனமாகப் பதிவுபெற்றவை தம் பொதுநிதியிலிருந்து தேர்தலுக்குச் செலவிடக் கூடாது என்ற தடை இதற்கும் பொருந்துமா என்ற வழக்கு 1986இல் முடிந்தபோது, வணிகம் செய்யாமல் கருத்தைப் பரப்புவதற்கென்றே அமைந்த ஒரு சங்கத்தின் மீது அத்தடையைச் சுமத்த முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். கருக்கலைப்பு உரிமையை 1973இல் நிலைநாட்டிய ரோ எதிர் வேட் தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தவரும் அவரே என்பதால், அத்தீர்ப்பை எதிர்த்து வந்த சங்கத்தின் பேச்சுரிமையை அவர் காத்தது நீதித்துறை நேர்மைக்கு ஒரு நல்ல சான்றாக நிற்கிறது. 2007இல் விஸ்கான்சின் மாநில அமைப்பொன்றின் வழக்கும் ஏறத்தாழ இதே திசையில் முடிந்தது. அதில் வாதாடிய ஜேம்ஸ் பாப், கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் தேசிய அமைப்புக்கு நெடுங்காலம் சட்ட ஆலோசகராக இருந்தவர்.

தேர்தல் பணம் பற்றிய கேள்வியும் கருவின் மதிப்பு பற்றிய கேள்வியும் ஒரே மேடையில் சந்திக்கும்போது ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றைத் தீர்த்துவிடும் ஆசை எழுகிறது. கருவின் அறநிலை, அதாவது பிறரால் மதிக்கப்படவும் காக்கப்படவும் அதற்கு உள்ள தகுதி, எப்போது தொடங்குகிறது என்பது கடினமான கேள்வி. விந்தணுவும் சினைமுட்டையும் இணையும்போது பெற்றோர் இருவரிடமிருந்தும் வேறுபட்ட புதிய மரபணுத் தொகுதி உருவாகிறது என்பதில் உயிரியல் தயங்குவதில்லை; அதற்குப் பின்வரும் வளர்ச்சியில் அவ்வளவு தெளிவான வேறோர் எல்லை இல்லை என்பது கருத்தரிப்பையே தொடக்கமாகக் கொள்வோரின் வலுவான வாதம். ஆனால் ஏறக்குறைய 14 நாட்கள் வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராக வளரக்கூடும் என்பதால், தனி ஒருவர் அதற்குள்ளாகவே இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது என எதிர்த்தரப்பு கேட்கிறது. டான் மார்க்விஸ் என்ற மெய்யியலாளர் 1989இல் எழுதிய கட்டுரையில், ஒருவரைக் கொல்வது தவறாவது அவருக்கு வாய்த்திருக்கும் எதிர்காலத்தைப் பறிப்பதனாலேயே என்றும், கருவுக்கும் அத்தகைய எதிர்காலம் உண்டு என்றும் வாதிட்டார். அதற்கு முன்பே, 1971இல், ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கருவை முழு மனிதராகவே ஒப்புக்கொண்டாலும், வாழும் உரிமை இன்னொருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகத் தானாகவே மாறிவிடாது என்று காட்டியிருந்தார்.

இந்த வாதங்களை அச்சிடப் பணம் கொடுத்தவர் கோடீசுவரரா, தேவாலயத்தின் உண்டியலில் சில்லறை போட்ட முதியவரா என்பது அவற்றின் உண்மையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. நன்கொடையாளரின் பெயரைச் சொல்லி ஓர் அறவாதத்தை மறுத்துவிட்டதாக எண்ணுவது சிந்திக்க மறுப்பதற்கு ஒரு வழி; அந்தத் தவறை இரு தரப்பும் செய்கின்றன.

அப்படியானால் பெயரைக் கேட்பதே வீண் என்று முடிவு செய்யலாமா என்றால், முடியாது. மெய்யியல் கட்டுரை படிப்பவரை இணங்கச் செய்வதோடு நின்றுவிடுகிறது. தேர்தலோ, இணங்காதவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை உருவாக்குகிறது. ஒரு பெண் தன் வயிற்றிலுள்ள கருவைச் சுமந்தாக வேண்டுமா என்பதையும், எதிர்த்தரப்பினர் மனித உயிர் என்று நம்பும் ஒன்று காக்கப்படாமல் போகலாமா என்பதையும் முடிவு செய்யும் சட்டத்துக்காகப் பெருந்தொகை செலவிடுபவர், அச்சட்டத்தால் பாதிக்கப்படுவோர் கேட்கும்போது தன் பெயரைச் சொல்லக் கடமைப்பட்டவர். இது உயிர் பற்றிய விஷயம், ஆகவே கணக்குக் கேட்காதீர்கள் என்ற வாதம் தலைகீழானது. விஷயத்தின் கனம் கூடக் கூடப் பொறுப்பும் கூடவே வேண்டும். நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு 2010இல் கதவைத் திறந்துவிட்ட சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில்கூட, பணத்தின் மூலத்தை வெளியிடச் சொல்லும் விதிகளை ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கு உண்மையான ஒரு தடை உண்டு. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திடம் அலபாமா அரசு உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, அதைத் தர வேண்டியதில்லை என்று 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர் வெளியானவர்கள் வேலை இழந்ததையும் மிரட்டப்பட்டதையும் அது கண்டிருந்தது. கருக்கலைப்பு விவாதத்திலும் அச்சம் கற்பனையன்று. எனவே கூட்டாட்சித் தேர்தல்களில் ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரையும் தொழிலையும் வெளியிடும் விதி, எளிய மனிதரை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டுப் பெரும்பணத்தை இடைநிலை அமைப்புகளின் வழியே நழுவ விடுவது, பொறுப்புணர்வின் நோக்கத்துக்கே முரணானது.

ஓஹையோ மாநிலம் 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையைத் தன் அரசியல் சட்டத்தில் சேர்ப்பது பற்றி வாக்களித்தபோது, இரு தரப்புக்கும் மாநிலத்துக்கு வெளியிலிருந்து பெரும் தொகைகள் வந்தன. அவற்றில் சிலவற்றை அனுப்பிய அமைப்புகளின் பெயர்கள் கணக்கில் இருந்தன. அந்த அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை. ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் ஆதரித்து, திருத்தம் நிறைவேறியது. தோற்றவர்களும் வென்றவர்களும் தம்மிடம் பேசியவர் யார் என்பதை முழுவதும் அறியாமலேயே வாக்களித்தார்கள்.