வெற்றுத் துப்பாக்கியும் அநர்த்த தண்ட விரதமும்

பிரெஞ்சுப் படைக்கென 1873-ஆம் ஆண்டு மாதிரியாக வகுக்கப்பட்டு, செயின்ட் எத்தியென் நகரத்து அரசு ஆயுதசாலையில் செய்யப்பட்ட ரிவால்வர் ஒன்று உண்டு. ஆறு தோட்டா அறைகள்; சாயம் ஏற்றாத, மெருகிட்ட வெள்ளெஃகு; குழலின் மேல் செய்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் பழம்பொருள் சேகரிப்போர் இதனை விரும்பித் தேடுகின்றனர். இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், விந்தைப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்துக்கொள்ளப்படும் பழந்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று விலக்களித்தது. 1997-இல் அந்நாடு கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்த பின்னரும் இவ்விலக்கு நீடித்தது. இத்துப்பாக்கி அவ்விலக்கைப் பெற்றதற்குக் காரணம், இதற்குரிய 11 மில்லிமீட்டர் தோட்டா வழக்கொழிந்தது என்பதே. எண்ணெய் கிட்டாத விளக்கு எரியாது என்று சட்டம் நம்பிற்று.

அருக நெறியில் நிற்கும் இல்லறத்தார் ஒருவர் இதனை வாங்கலாமா? வாங்கியபின் அதற்குத் தோட்டா தேடலாமா? இரண்டும் ஒரே வினாவெனத் தோன்றும். ஆயின் நம் ஆசிரியர்கள் வகுத்த நெறியில் வைத்து நோக்கின் இவை வேறு வேறு.

வாங்குதல் பெரும்பாலும் பரிக்கிரகத்தின்பாற்படும். மூர்ச்சையே, அதாவது பொருளின்மேற் கொள்ளும் பற்றே, பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. பழைய ஏட்டுச்சுவடியைக் கண்டால் கை நீளும் பழக்கம் எனக்கும் உண்டாகையால், இப்பற்றைக் கடிந்துரைக்க எனக்குத் தகுதியில்லை.

தோட்டா தேடுதல் அவ்வாறன்று. வினை வருதற்குரிய சீவ அதிகரணத்தை உமாசுவாமி ஆசாரியர் ஸம்ரம்பம், ஸமாரம்பம், ஆரம்பம் என மூன்றாகப் பகுத்தார். செய்யத் துணிதல் ஸம்ரம்பம். அதற்கான சாதனங்களைத் திரட்டுதல் ஸமாரம்பம். செயலைத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றையும் மனம், மொழி, மெய் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றாலும், கஷாயங்கள் நான்காலும் பெருக்க 108 ஆகும். தோட்டா தேடுபவர் ஸமாரம்பத்தில் நிற்கிறார். அசீவ அதிகரணத்துள் ‘ஸம்யோகம்’ என்பதும் ஒன்று. அதன் ஒரு வகை, கருவியோடு கருவியைக் கூட்டுதல். உரையாசிரியர்கள் துப்பாக்கியைக் கண்டவரல்லர். எனினும் தோட்டாவை அறைக்குள் இடும் செயலுக்கு இதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

“யாரையும் கொல்லப் போவதில்லையே, காகித இலக்கை நோக்கி ஆறு குண்டு சுடுவேன், வெறும் பொழுதுபோக்கு” என்பார் சேகரிப்போர். மெய்தான், ஸங்கல்ப ஹிம்சை இதில் இல்லை. ஆனால் இந்த விடையே அவருக்கு எதிராக நிற்கிறது. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தின கரண்டகத்தில் ஹிம்சாதானத்தை விளக்குமிடத்து, வாளோடும் கோடரியோடும் மண்வெட்டியையும் சேர்த்தே எண்ணுகிறார். நம் குடும்பங்களுள் பல உழவுக் குடும்பங்கள். மண்வெட்டி இல்லாத வீடு நம்மூரில் ஏது? உழவன் கையில் அதற்கு ஒரு பயன் உண்டு. அந்த ஹிம்சை ஆரம்ப ஹிம்சை, உத்தியோக ஹிம்சை எனப் பெயர் பெற்று ஓரளவு பொறுக்கப்படும். பயனின்றிச் செய்வதே அநர்த்தம். “வெறும் பொழுதுபோக்கு” என்பவர் குற்றத்தை மறுக்கவில்லை. அதன் பெயரைத் தாமே கூறிவிடுகிறார். சட்டம் விந்தைக்காக என்பதைக் கேட்டு விலக்களிக்கிறது. விரதமோ அதனைக் கேட்டே தடுக்கிறது.

ஆட்சேபம் இன்னும் ஒன்று உண்டு: ஒருவர் வீட்டில் நான்கு தோட்டா இருப்பதால் உலகிற்கு என்ன கேடு? இங்கிலாந்தில் பதிவுபெற்ற ஆயுத வணிகர் ஒருவர், இத்தகைய பழந்துப்பாக்கிகளுக்குரிய தோட்டாக்களைத் தம் வீட்டிலேயே செய்து பிறருக்கு அளித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட குற்ற நிகழ்விடங்களோடு அவை தொடர்புபட்டன, உயிர்களும் போயின. அவர் எவரையும் சுட்டாரல்லர். ஆயினும் 2017-இல் பர்மிங்ஹாம் நீதிமன்றம் அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தது. ‘செய்வித்தல்’ என்று நம் ஆகமம் தனியே ஓர் எண் கொடுத்து வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

2021-இல் அந்நாட்டரசு ஏழு வகைத் தோட்டாக்களை வழக்கொழிந்தவற்றின் பட்டியலினின்று நீக்கியது. அவற்றுள் 11 மில்லிமீட்டர் பிரெஞ்சுத் தோட்டாவும் ஒன்று. நேற்றுவரை அலங்காரப் பொருளாயிருந்தது உரிமம் வேண்டும் ஆயுதமாயிற்று. துப்பாக்கியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. யாரோ சிலர் தோட்டா தேடினர், யாரோ செய்தனர், அவ்வளவே.

துப்பாக்கியை மீண்டும் சுட இயலாதபடி செயலிழக்கச் செய்வித்து வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. வெள்ளெஃகின் மெருகும், குழலின்மேற் பொறித்த ஆண்டும் அப்படியே இருக்கும். ஆனால் சேகரிப்போர் பலர் இதற்கு இசைவதில்லை, மதிப்புக் குறைந்துவிடுமாம். தாம் விரும்பியது அதன் பழமையையா, வேறொன்றையா என்று அவர்களை ஒருமுறை கேட்கத் தோன்றுகிறது.