பெருக்காத மூலை

மார்த்தாண்டத்துப் பனிக்காலம் ஒன்றரை மணி நேரம்தான். மார்கழி விடியலில் ரப்பர் தோட்டங்களுக்கு மேல் கொஞ்சம் மஞ்சு நிற்கும், ஏழரைக்கெல்லாம் கலைந்துவிடும். அதற்காகவே ஆறு மணிக்கு முன்னால் வீட்டிலிருந்து இறங்குகிறேன். சந்தைக்கு வரும் லாரிகளின் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துவிட்டால் பிறகு இடவழிதான். இரண்டு பக்கமும் பாசி பிடித்த கய்யாலை. வீட்டு முகப்புகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

பறவை பார்க்க வருகிறவர்கள் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் குளங்களுக்குப் போகிறார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த நீர்நிலைகள் அவை, போகத்தான் வேண்டும். நான் தேடுவது குளத்தில் இல்லை, சருகில் இருக்கிறது. ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிகையில் இரவுகளில் பறந்து தெற்கே வருகிறது. அலுத்துப்போய் வீட்டுத் திண்ணையில் வந்து விழுவதும் உண்டு. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணைக் கடக்கும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு தரையில்தான் அதன் பிழைப்பு. தத்தித் தத்திப் போகும், நிற்கும், அலகால் ஒரு சருகைப் புரட்டும். அடியில் புழுவோ பூச்சியோ இருந்தால் அன்றைய சாப்பாடு.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அயனி மரத்தடியில் அது வருடந்தோறும் வந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இடம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தேன். மழையில் சேறு, வழுக்கல், பேரப்பிள்ளைகள் விழுகிறார்கள், காரணம் நியாயமானதுதான். அந்த மார்கழியில் சீழ்க்கை கேட்கவில்லை. அடுத்த மார்கழியிலும் இல்லை.

இடவழியில் பால்வெட்டுகிற அண்ணாச்சி ஒருவர், நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, “என்ன தேடுதிய?” என்று கேட்டார். சொன்னேன். “அது சருகு கெடக்கிற எடத்துலல்லா நிக்கும். நாமதான் எல்லாத்தையும் தூத்து வாரிப் போட்டாச்சே” என்றார். சொல்லிவிட்டு அடுத்த மரத்துச் சிரட்டையைச் சரிசெய்யப் போய்விட்டார். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

விடிந்ததும் முற்றம் தூத்து வாருவது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. ஈர்க்குச்சி வரிகள் மணலில் தெரியும் முற்றத்தைப் பார்த்துத்தான் அந்த வீட்டை மதிப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்தாள், அதில் தவறு காண நான் யார்? ஆனால் அவள் துடைப்பம் போகாத இடமும் ஒன்று இருந்தது. விளையின் தென்மேற்கு மூலையில், நாகங்களுக்கென்று விட்டுவைத்திருந்த பாம்புக்காவு. அங்கே ஒரு சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது. பயம்தான் அந்த மூலையைக் காத்தது. பயம் போனது நல்லதே. அதோடு மூலையும் போய்விட்டது. பயம் இல்லாமலே ஓரிடத்தை அப்படியே விட்டுவைக்க முடியுமா? அதற்கு வேண்டிய மனசை எங்கிருந்து எடுப்பது? நிலத்தில் மட்டுமல்ல, ஓய்வுபெற்ற பிறகும் மணிக்கொரு வேலையாக நான் அடைத்துவைத்திருக்கும் நாளிலும்கூட அப்படி ஒரு மூலை கிடையாது. இந்தக் காலை நடை ஒன்றுதான் மிச்சம்.

போன ஆவணியில் மதிலோரம் நான்கு வரிசைக் கல்லைப் பெயர்த்தேன். “பாம்பு வந்து அண்டுமே” என்றாள் மனைவி. அவள் பயம் பொய்யல்ல. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி இடுப்பளவு கம்பிவேலி கட்டினோம். அயனி இலை விழ விழ அப்படியே கிடக்கட்டும் என்று விட்டோம். மழையில் இலைகள் கறுத்துப் படிந்தன. மண்வாசனை சமையலறை வரை வந்தது.

இந்த மார்கழியில் சீழ்க்கை இன்னும் கேட்கவில்லை. நேற்றுக் காலை நடந்து திரும்பியபோது வேலிக்கு அப்பால் நாலைந்து சருகுகள் மல்லாந்து கிடந்தன. அடிப்பக்கத்து ஈரம் காய்ந்திருக்கவில்லை.