தண்ணீர் வார்க்கும் நாள்

படித்துறை

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் இருள் பிரியும் முன்பே பேரருவிக்கரை நிறைந்துவிடுகிறது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறவர்கள் வரிசையாக உட்காருகிறார்கள். எதிரே புரோகிதர். நடுவே வாழையிலை, தர்ப்பை, எள், பச்சரிசி, செம்பில் தண்ணீர். சாரல் விட்டுவிட்டு விழுவதால் எள் கையோடு ஒட்டிக்கொள்கிறது. நீரை வார்த்து முடித்த பிறகும் உள்ளங்கை ரேகையில் ஓரிரு மணிகள் தங்கிவிடுகின்றன.

அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டும். எனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தவர் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டுத் திகைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "ஏக்கா, நம்ம பூட்டன் பேரு என்னக்கா?" அருவிச் சத்தத்தில் பதில் காதில் விழவில்லை. மறு காதைப் பொத்திக்கொண்டு திரும்பவும் கேட்டார். பெயர் கிடைத்ததும் புரோகிதரிடம் அதைச் சொன்ன குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. பேரப்பிள்ளையின் பிள்ளை தன்னை ஒருநாள் தேடுவான் என்று அந்தப் பூட்டன் நினைத்திருப்பாரா? அவர் பெயர் இன்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லப்பட்டது. அதற்கு ஓர் அக்காவின் நினைவு வேண்டியிருந்தது, அவளைக் கூப்பிடத் தம்பிக்கு ஓர் அமாவாசை வேண்டியிருந்தது.

அருவி

அதே கரையில், சில அடி தள்ளி, விடுமுறைக்கு வந்தவர்களின் ஆரவாரம். ஆடி அமாவாசை குற்றாலச் சீசனின் நடுவில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே மேகங்களைக் கொண்டுவந்து கொட்டும் காலம் அது. மேலிருந்து வரும் நீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பாறையின் இடையில் இருக்கும் பொங்குமாகடல் என்ற ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அதனால்தான் குழந்தையால்கூட அடியில் நிற்க முடிகிறது. வரத்து மிகுந்து, ஆர்ச் என்று சொல்லும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள்.

அருவிப் பாறையின் முகத்தில் சின்னச் சின்ன லிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீர் மெலிந்த நாட்களில் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். சீசனில் அவை நீருக்குப் பின்னால் இருக்கின்றன. கூச்சலிட்டுக் குளிப்பவர்கள் மேல் விழும் தண்ணீரும் லிங்கங்களை நனைத்து வந்த தண்ணீரும் ஒன்றுதான். கீழே அது சிற்றாறாகி ஓடும்போது எள்ளையும் தர்ப்பையையும் சுமந்துகொண்டு போகிறது. துக்கத்துக்கு ஒரு துறை, மகிழ்ச்சிக்கு ஒரு துறை என்று யாரும் இங்கே பிரித்து வைக்கவில்லை. தர்ப்பணம் முடித்தவர்கள் திருக்குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.

தாகம்

இறந்தவர்களை நினைக்க மெக்சிகோவிலும் நாள் உண்டு: நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாள் கொண்டாடுகிறார்கள். வீட்டில் ஒரு படையல் மேடை அமைத்து, போனவர்களின் புகைப்படம், மெழுகுவத்தி, அந்த நாளுக்கென்றே சுடும் ரொட்டி, அவர்களுக்குப் பிடித்த உணவு எல்லாம் வைக்கிறார்கள். கோபால் என்ற மரப்பிசினைப் புகைக்கிறார்கள், நம் சாம்பிராணியைப் போல. சில ஊர்களில் இரவு முழுக்கக் கல்லறை அருகே குடும்பத்தோடு விழித்திருப்பார்கள். பாட்ஸ்குவாரோ ஏரியின் நடுவே இருக்கும் ஹனிட்சியோ தீவின் இரவு அதற்குப் பெயர்பெற்றது. 2008-ல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மேடையில் தவறாமல் இருக்கும் ஒன்று, ஒரு கோப்பைத் தண்ணீர். நெடுந்தூரம் நடந்து வருகிற உயிருக்குத் தாகமெடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணமும் இதுவே. கடல்கள் இடையில் கிடக்க, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் இறந்தவர்களைப் பற்றி ஒரே கவலை கொண்டிருக்கிறார்கள். சாவைக் குறித்து மனிதன் நினைத்தவற்றில் இதைவிடக் கனிவானது எனக்குத் தெரியவில்லை. போனவர்களை நினைத்து அஞ்சாமல், அவர்களுக்குத் தொண்டை வறளுமே என்று கவலைப்படுவது.

பூ

மெக்சிகோவின் கல்லறைகளிலிருந்து வீட்டு வாசல் வரை இதழ்களை உதிர்த்து வழி அமைக்கிறார்கள். நிறமும் மணமும் பார்த்து உயிர்கள் வழி கண்டு வரும் என்று. அந்தப் பூவை நாம் நன்றாக அறிவோம்: கேந்திப்பூ. அதன் தாயகமே மெக்சிகோ வட்டாரம். ஐரோப்பியர் கப்பல்கள் அங்கிருந்து கொண்டுவந்த செடி நம் மண்ணைப் பிடித்துக்கொண்டது. இன்று தென்காசி வட்டாரத்தில் ஓணத்தை நம்பி அதைப் பயிரிடுகிறார்கள். பறித்த பூ மூட்டை மூட்டையாகப் புளியரை வழியே கேரளத்துக்குப் போய் அத்தப்பூக்களமாகிறது. ஓணமும் ஒருவரை வரவேற்கும் நாள்தான். ஆண்டுக்கொரு முறை தன் மக்களைப் பார்க்க மாவலி வருகிறான். மெக்சிகோவில் இறந்தவருக்கு வழிகாட்டும் பூ, மலையின் மறுபக்கம் ஓர் அரசனுக்கு வாசலில் விரிகிறது.

நவம்பர் 2 நமக்கும் உரிய நாள். அன்று நம் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். களை பிடுங்கி, சுண்ணாம்படித்து, மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிக் கல்லறைகளைச் சுற்றிக் குடும்பங்கள் நிற்கும். மெக்சிகோவைப் பார்க்க ஏங்குகிறவர் அன்று மாலை தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வரலாம்.

தென்காசி

குற்றாலத்திலிருந்து தென்காசி கூப்பிடு தூரம். காசிக்குப் புறப்படும் தென்னாட்டார் போய்ச் சேராமலே வழியில் இறந்துபோகிறார்கள், ஆகவே சிற்றாற்றங்கரையில் எனக்கொரு கோயில் கட்டு என்று பராக்கிரம பாண்டியன் கனவில் சிவன் சொன்னதாகத் தலக்கதை. எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போய் அவன் இடத்தைக் கண்டான் என்பார்கள். 1446-ல் திருப்பணி தொடங்கியது. வழியில் இறந்த பயணிகளை முன்னிட்டு எழுந்த கோயில் இது.

கோபுர வாசலில் காற்று எதிரே வந்து நெஞ்சில் மோதுகிறது. சில அடி நடந்ததும் அதே காற்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுகிறது. இந்தக் கோபுரம் பிளந்து சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் குடமுழுக்குக் கண்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று பராக்கிரமன் எண்ணியிருந்தான். இக்கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிட வருகிறவர் யாராயினும் அவர் அடியில் விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் அவன் பாடல் கல்லில் இருக்கிறது. படித்துறையில் நாம் இறந்தவர்களுக்குக் குனிகிறோம். அந்த அரசன் இன்னும் பிறக்காதவர்களுக்குக் குனிந்தான்.

வழிப்போக்கர்

வெளியூரிலிருந்து ஒரு விழாவைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு தயக்கம் இருக்கும். நமக்கு இங்கே என்ன வேலை, வேடிக்கை பார்க்கிறோமோ என்று. தர்ப்பணம் செய்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமலிருப்பது குறைந்தபட்ச மரியாதை. அதற்கு மேல் செய்ய ஒன்று உண்டு. அருவியடியில் நிற்கும்போது நான் என் ஆச்சியின் பெயரைச் சொன்னேன். எனக்கு மந்திரம் தெரியாது. பெயர் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. யாரையாவது இழந்திருக்கிற எவரும் இந்த விழாவுக்கு வெளியூர்க்காரர் இல்லை.

தர்ப்பணத்தின் முடிவில் ஒரு கை நீர் தனியாக வார்க்கிறார்கள். தாயோ தகப்பனோ உறவோ நட்போ இல்லாமல் போனவர்களுக்கு, பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு. மெக்சிகோவிலும் யாருமற்ற உயிர்களுக்கென்று ஓரிடம் ஒதுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தன் குலத்துக்கு வார்ப்பது கடமை. முன்பின் தெரியாதவர் தாகத்துக்கும் ஒரு கை வார்ப்பதுதான் அந்தக் கடமையை அறமாக்குகிறது.