இசைத்தட்டும் இச்சையின் அளவும்



இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்துள் இதனை இரண்டு பெயர்களால் வழங்குகிறார். ஒன்று பரிமித பரிக்கிரகம். அஃதாவது, பொருளுக்கு அளவு வகுத்தல். மற்றொன்று இச்சா பரிமாணம். அஃதாவது, ஆசைக்கு அளவு வகுத்தல். ஒரு விரதத்திற்கு இரண்டு பெயர்கள் எதற்கு? பொருளை எண்ணிவிடலாம், ஆசையை எண்ண இயலாது. எண்ணக்கூடிய பொருளுக்கு வரம்பு கட்டி, அதன் வாயிலாக எண்ண இயலாத ஆசையை அடக்குவதே இவ்விரதத்தின் நோக்கம் என்பதை உணர்த்தவே ஆசாரியர் இவ்வாறு கூறினார் என்று கொள்ளலாம்.

இவ்விரதத்தை விளக்கப் புகுவோர் பொன், மனை, விளைநிலம் என்று எடுத்துக்காட்டுவது வழக்கம். கேட்போருள் பலர், ‘இவை நம்மிடம் மிகுதியாக இல்லையே, இது செல்வர்க்குச் சொன்ன உபதேசம்’ என்று அமைந்துவிடுகின்றனர். ஆதலின் இம்முறை தீமை ஏதும் இல்லாததாகத் தோன்றும் ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல்லாயிரவர் ஜாஸ் என்னும் இசைக்குரிய தட்டுகளைத் தேடிச் சேர்க்கின்றனர். அவ்விசைக்கென்றே வெளிவரும் இதழ்களை விடாது பயில்கின்றனர். கள் இல்லை, சூது இல்லை. கேட்பது நல்லிசை, படிப்பது அறிவு தரும் இதழ். இத்தகைய இடத்தில் பரிக்கிரகம் எவ்வழியாக நுழைகிறது என்று கண்டால், நம் இல்லத்தில் அது நுழையும் வழியும் புலப்படும்.

ஜாஸ் இசை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோரிடையே பிறந்தது. அதன் முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. அவ்வரக்கில் பெரும்பகுதி நம் பாரத நாட்டுக் காடுகளிலிருந்தே கப்பலேறியது. சின்னஞ்சிறு பூச்சிகள் மரக்கிளையில் தம்மைச் சுற்றி எழுப்பும் கூடே அரக்கு. அதனைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற உயிர்கள் மாள்கின்றன. சிராவகர் விலக்க வேண்டிய வாணிபங்களுள் அரக்கு வாணிபத்தையும் நம் ஒழுக்க நூல்கள் சேர்த்திருக்கின்றன. கொலையற்றதாகத் தோன்றும் நுகர்ச்சியின் பின்னும் இம்சை மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. 1948ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. மூன்று நிமிட அளவே ஒலித்த இடத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசை ஒலிக்கலாயிற்று. ஜாஸ் கலைஞர்கள் தம் கற்பனையை விரித்து வாசிக்க அதனால் இடம் கிடைத்தது.

அத்தகைய தட்டுகளை வெளியிட்டோருள் புளூ நோட் என்னும் நியூயார்க் நிறுவனம் புகழ் மிக்கது. பெர்லினில் பிறந்து அமெரிக்கா வந்த ஆல்ஃபிரட் லயன் 1939ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அவருடைய இளமை நண்பர் பிரான்சிஸ் உல்ஃப் துணை நின்றார். விற்பனை சிறிது, எனவே அச்சிட்ட படிகளும் சிலவே. 1960களின் நடுவில் அந்நிறுவனம் கைமாறியது. காலப்போக்கில் பல தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. கேட்க விரும்பினோர்க்குக் கிடைக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க வந்ததே மறுபதிப்பு. மைக்கேல் கஸ்கூனா என்பவர் 1970களின் நடுவிலிருந்து அந்நிறுவனத்தின் சேமிப்பறையில் கிடந்த ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, வெளிவராமலே கிடந்த இசையையும் வெளிக்கொணர்ந்தார். பின்னர் சார்லி லூரி என்பவருடன் மொசைக் என்னும் மறுபதிப்பு நிறுவனத்தை நிறுவி, கலைஞர் பெயர், பதிவான நாள், வரலாறு யாவும் அடங்கிய நூலுடன் தொகுதிகளை வெளியிட்டார். 2024ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் ஆற்றிய பணி, அழியும் ஓலைச் சுவடியைப் புதிய ஓலையில் படியெடுத்தவர்களின் பணியை ஒத்ததாகும். நம் சமயத்தார் சாத்திரதானம் என்று போற்றும் அறத்தின் சாயல் இதில் இருக்கிறது. எனவே தேடிக் காத்தலைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று.

இனி ஆராய வேண்டியதைக் காண்போம். இசை கேட்பதற்காகவே ஒருவர் தட்டைத் தேடுகிறார் எனில், நல்ல மறுபதிப்பு கைக்கு வந்தவுடன் அத்தேட்டம் தீர்ந்திருக்க வேண்டுமன்றோ? ஆனால் தீரவில்லை. ஹேங்க் மோப்லி என்னும் சாக்சபோன் கலைஞர் 1957ஆம் ஆண்டில் பதிவு செய்த, 1568 என்னும் வரிசை எண் கொண்ட புளூ நோட் தட்டின் முதற்பதிப்பு பல ஆயிரம் டாலருக்கு ஏலம் போகிறது. அதே இசை, மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்த மறுபதிப்பில், அதன் விலையில் மிகச் சிறு பங்கிற்குக் கிடைக்கிறது. அங்ஙனமாயின் மீதியுள்ள ஆயிரங்கள் எதற்குக் கொடுத்த விலை? செவிக்கன்று, ‘இது என்னிடம் உள்ளது’ என்னும் எண்ணத்திற்குக் கொடுத்த விலை அது. பொருளைக் கையில் வைத்திருப்பதை மட்டுமன்றி, அதன்மேல் உள்ளம் மயங்கிக் கிடப்பதையே பரிக்கிரகத்தின் இலக்கணமாகத் தத்துவார்த்த சூத்திரம் கொள்வதன் நுட்பத்தை இங்குக் காண்க.

அம்முதற்பதிப்பை அறிந்துகொள்ளும் முறை வியப்பானது. தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் அச்சாகியுள்ள நிறுவன முகவரியை உற்று நோக்குகின்றனர். வரிகள் முடிந்து அத்தாள் தொடங்குமுன் உள்ள வெற்றுவளையத்தில், தட்டு வார்த்த ஆலையின் சிறு குறியொன்று இருக்கும். அஃது அவ்வாலைப் பெயரின் முதலெழுத்து. பார்வைக்குக் காதின் வடிவாய்த் தோன்றுவதால் சேர்ப்போர் அதனைக் காது என்றே வழங்குகின்றனர். அக்காது இருந்தால் ஒரு விலை; இல்லையேல் வேறு விலை. ஜப்பானிய மறுபதிப்புகளில் உறையைச் சுற்றியுள்ள காகிதப்பட்டை கிழியாமல் இருந்தால் அதற்கும் தனி மதிப்பு. கேட்கும் காதை மறந்து, பொறித்த காதைத் தேடும் நிலைக்கு மயக்கம் மனிதனைக் கொண்டுசெல்கிறது. அத்தட்டில் வாசித்த மோப்லியோ, நுரையீரல் நோயினால் வாசிக்கவும் இயலாமல், வறுமையுற்று, 1986ஆம் ஆண்டில் 55 வயதில் மறைந்தார். பொருளின்மேல் வைத்த அன்பு, அதனைப் படைத்த உயிரின்மேல் கருணையாக மாறவில்லையெனில் அவ்வன்பு யாது பயன் தரும்?

குறையைத் தீர்க்க வந்த மறுபதிப்பும் நாளடைவில் ஆசையின் புதிய களமாயிற்று. ‘குறைந்த படிகளே அச்சிடப்படும்’ என்னும் அறிவிப்புடன், எண் பொறித்து வெளிவருவன பல. முந்தாவிடில் கிடைக்காது என்னும் அச்சமே வாங்கத் தூண்டுகிறது. 2022ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மூல ஒலிநாடாவிலிருந்து, கணினிவழி மாற்றம் ஏதுமின்றி எடுத்தவை என்று பலரும் நம்பிப் போற்றிய சில மறுபதிப்புகளில், இடையே எண்முறை ஒலிப்பதிவு புகுந்திருந்ததை அவற்றை வெளியிட்ட நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். வாங்கியோர் கொதித்தனர், வழக்கும் எழுந்தது. உண்மையை மறைத்தது குற்றமே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் நாள்வரை அத்தட்டுகளின் ஒலியை நிகரற்றது என்று புகழ்ந்தோர் பலர். மறுநாள் தட்டில் ஒரு வரியும் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை, மனம் மட்டுமே மாறியது. இன்பம் பொருளில் இல்லை, அதனைப் பற்றிய நம் கற்பிதத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மேலும், அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டு இசைச் சந்தையை ஆராய்ந்த நிறுவனம் ஒன்று, வினைல் தட்டு வாங்குவோருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே தட்டை இயக்கும் கருவி உண்டு என்று கண்டறிந்தது. மீதிப் பேர் வாங்கியது இசையை அன்று.

இதழ்களின் நிலையும் இருவகைப்பட்டது. 1934ஆம் ஆண்டில் சிகாகோவில் தோன்றிய டவுன்பீட் இதழ் தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. பிரான்சில் 1935ஆம் ஆண்டில் ஜாஸ் ஹாட் என்னும் இதழ் தோன்றியது. அதனோடு தொடர்புடைய சார்ல் தெலோனே என்பவர், எந்தத் தட்டில் எவரெவர் எந்த நாளில் வாசித்தனர் என்று தொகுத்து 1936ஆம் ஆண்டில் நூலாக்கினார். தட்டின் தாளில் பெயர் இடம்பெறாத எளிய கலைஞர் பலரை உலகம் அறிந்தது இத்தகைய உழைப்பால்தான். ஜப்பானில் 1947ஆம் ஆண்டு முதல் வந்த சுவிங் ஜர்னல் 2010ஆம் ஆண்டில் நின்றுபோகும்வரை ஒரு தலைமுறைக்கே ஆசானாக விளங்கியது. இது நன்ஞானத்தின் பக்கம். ஐந்து விண்மீன் பெற்ற தட்டு எது என்று மட்டும் பார்த்து, எழுதுகோலை எடுத்து வாங்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு, கட்டுரையைப் படியாமல் மூடுவது லோபத்தின் பக்கம். இதழ் ஒன்றுதான், படிப்பவர் உள்ளமே அதனை விளக்காகவோ தூண்டிலாகவோ ஆக்குகிறது.

இனி, சேர்த்த பொருள் இறுதியில் என்னாகிறது? இருவர் வரலாற்றை ஒப்பிடுவோம். பில் சேவரி என்னும் ஒலிப்பதிவாளர் 1930களின் பிற்பகுதியில் நியூயார்க் வானொலியில் ஒலித்த ஜாஸ் நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளில் பதிவு செய்தார். வேறெங்கும் கிடையாத இசை அது. அவர் இசையை உளமார நேசித்தவர். எனினும் அத்தட்டுகளை மிகச் சிலரே கேட்க விட்டார். 2004ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2010ஆம் ஆண்டில் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவர் மகனிடமிருந்து அவற்றைப் பெற்றுப் பெட்டிகளைத் திறந்தபோது, மீட்க இயலாதவாறு சிதைந்த தட்டுகளும் அவற்றுள் இருந்தன. ஒருவராலும் கேட்கப்படாமலே சில இசைகள் மறைந்தன. மற்றொருவர் மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் என்னும் ஆசிரியர். தாம் சேர்த்த தட்டுகளையும் நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாக வைத்து 1952ஆம் ஆண்டில் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1966ஆம் ஆண்டில், தாம் மறைவதற்கு முன், அதனை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். இன்றும் மாணவர் அங்குச் சென்று பயில்கின்றனர். இருவரும் சேர்த்தனர். ஒருவர் தமக்கென வைத்துக்கொண்டார். மற்றவர் காலத்தே கொடுத்தார்.

அயலாரைப் பற்றிப் பேசிவிட்டு நாம் ஒதுங்க இயலாது. மூடுபித்திரியில் தவளம் முதலிய சித்தாந்த ஏடுகளைப் பல நூற்றாண்டுகள் தரிசனத்திற்குரிய பொருளாக மட்டுமே வைத்து வணங்கிவந்தது நம் சமூகமே. படியெடுக்கும் பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கியது. ஹீராலால் ஜெயின் அவர்களின் பதிப்பு 1939ஆம் ஆண்டில் அச்சேறத் தொடங்கியது. அதற்குள் சில ஏடுகள் சிதைந்துவிட்டன. பக்தியும் பற்றாக உறைந்துவிடின் அதன் விளைவு இதுவே.

ஜான் கோல்ட்ரேன் என்னும் கலைஞர் 1964ஆம் ஆண்டு டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ என்னும் தட்டு இறைவனுக்குக் காணிக்கையாகப் படைத்தது. 1957ஆம் ஆண்டில் போதைப்பழக்கத்தையும் மதுவையும் விட்டொழித்துத் தாம் பெற்ற அகவிழிப்பின் நன்றியாக அதனை அவர் அமைத்தார். அதன் மறுபதிப்புகள் எண்ணற்றவை. ஒன்றே போதும் என்று வாங்கி அமைதியாகக் கேட்பவர் உண்டு. நாட்டுக்கொன்றாகப் பல பதிப்புகளைச் சேர்த்து அடுத்ததற்குக் காத்திருப்பவரும் உண்டு. ஒரு பற்றை விட்டதன் விளைவாகப் பிறந்த இசையை மற்றொரு பற்றுக்குக் காரணமாக்கலாகுமோ?

ஆகவே நாம் கைக்கொள்ளத் தக்கவை மூன்று. முதலாவது, எப்பொருளைச் சேர்த்தாலும், அஃது இசைத்தட்டாயினும் புடவையாயினும் புத்தகமாயினும், இத்தனை என்று ஓர் எண்ணை முன்னரே வகுத்துக்கொள்வது; புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்றை உரியவர்க்குக் கொடுப்பது. இரண்டாவது, முன்பு வாங்கியதைக் கேட்காமலும் படியாமலும் உடுத்தாமலும் அடுத்ததை வாங்காதிருப்பது. மூன்றாவது, நமக்குப் பின் அது யாரிடம் சேர வேண்டும் என்பதை நாம் நினைவோடு இருக்கும்போதே முடிவு செய்து, இயன்றவரை நம் கையாலேயே கொடுத்துவிடுவது. மரணத்திற்குப் பின் பிறர் எடுத்துக்கொள்வது தியாகம் ஆகாது. இந்தச் சாதுர்மாசிய காலத்தில் ஒவ்வொருவரும் தம் இல்லத்து அலமாரி ஒன்றைத் திறந்து, ஓராண்டாகத் தொடாத பொருள்களை எடுத்து வைத்து, அவற்றுள் ஒன்றையேனும் பயன்படுத்துவோர் கையில் சேர்ப்பாராயின், இவ்வணுவிரதத்தின் முதற்படியில் கால் வைத்தவராவார்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!