பால் காய்ச்சிய வீட்டில் ஒரு பழைய கடன்

‘கூலி கொடுத்தாச்சு... கணக்கு முடிஞ்சுது!’

வீடு மாறி, கடைசி மூட்டையும் இறங்கியதும் நம்மில் பலர் நிம்மதியாகச் சொல்கிற வார்த்தைகள் இவை. கணக்கு உண்மையிலேயே முடிந்துவிடுகிறதா? கொடுத்த பணம் உதவிக்கான விலையா, உழைப்புக்கான விலையா? எங்கள் வீட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி இருக்கிறது. அதற்குச் சாட்சியாக ஒரு பழுப்பு நிறக் கம்பளியும் இருக்கிறது.

2002-ம் வருடம், தை மாதம். அப்பாவுக்குத் திருச்சியிலிருந்து டெல்லிக்கு மாற்றல். நான் ஐந்தாம் வகுப்பு. ‘மார்கழியில் வீடு மாறக்கூடாது, தை பிறக்கட்டும்’ என்று பாட்டி பிடிவாதமாக இருந்ததால், பொங்கல் முடிந்த கையோடு சாமான்கள் லாரியில் ஏறின. பீரோ, அம்மி, வெண்கலப் பானை, ஊஞ்சல் பலகை... எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு தகரப் பெட்டி. உள்ளே குத்துவிளக்கு, பூஜைப் பாத்திரங்கள், தாத்தா பூஜித்த சின்ன வெண்கல முருகன். ரயிலில் ஐந்து பேருக்கும் மூட்டை முடிச்சுக்குமே இடம் போதாது என்பதால், பாட்டி மனசில்லாமல்தான் அதை லாரிக்குக் கொடுத்தாள்.

“தம்பி, இது மேல வேற எதையும் வச்சுடாதேப்பா... சாமி இருக்கு.”

நாமக்கல்காரரான அந்த டிரைவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நாமக்கல் வழியாத்தான் போறோம். ஆஞ்சநேயர் சந்நிதியில வச்சு எடுத்துக்கறேனுங்க பாட்டிம்மா. சாமி என்கூட முன்னாலேயே வரட்டும்.”

நாங்கள் சென்னைக்கு வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து டெல்லி போய்ச் சேர்ந்தோம். எலும்பைத் துளைக்கிற குளிர். லாரி வரவில்லை. வட இந்தியா முழுக்கப் பனிமூட்டம். எந்த வண்டியும் நகரவில்லை என்றார்கள். வெறும் தரையில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இரண்டு ரஜாயையும் ஒரு கெட்டில் டீயையும் கொண்டு வந்து வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்கு இந்தி தெரியாது. பாட்டி கைகூப்பினாள். அவர் பாட்டியின் கையைப் பிடித்து, குளிர்ந்திருந்த விரல்களைத் தேய்த்துவிட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் ஸ்டவ்வும் பாத்திரமும் கொடுக்க, நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். உப்பும் மஞ்சளும் அரிசியும்கூட அவர்கள் வீட்டிலிருந்து வந்தவைதான்.

ஒன்பதாம் நாள், விடியற்காலை நான்கு மணிக்கு லாரி வந்தது. பகலில் பெரிய லாரிகளை டெல்லிக்குள் விடமாட்டார்கள். விடிவதற்குள் இறக்கிவிட்டுக் கிளம்பியாக வேண்டும். டிரைவரும் கிளீனரும் ஓடி ஓடி இறக்கினார்கள். பீரோ கண்ணாடி உடைந்திருந்தது. வண்டியும் நான்கு நாள் தாமதம். அப்பாவுக்குக் கோபம். பேசிய பாக்கியில் 500 ரூபாயைக் குறைத்துக் கொடுத்தார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. “பெட்டியைப் பத்திரமா இறக்கிட்டேனுங்க பாட்டிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது விடிந்த பிறகுதான் பாட்டி பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு காகிதப் பொட்டலத்தில் செந்தூரமும் காய்ந்த துளசியும் இருந்தன. உள்ளே ஒரு பாத்திரம்கூட நசுங்கவில்லை. காரணம், பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பளி. அது எங்களுடையதல்ல!

அந்தக் குளிரில் தன் கம்பளியை எங்கள் சாமிக்குப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். அப்பா கம்பளியோடு தெருமுனைக்கு ஓடினார். லாரி போய்விட்டது. பிறகு லாரி ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த டிரைவர் வேறு வண்டிக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

படகோட்டியை மறக்காத ராமன்

வீடு மட்டுமல்ல, நாட்டையே விட்டுப் புறப்பட்ட குடும்பம் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். அயோத்தியிலிருந்து கிளம்பிய ராமனும் சீதையும் லட்சுமணனும் கங்கைக்கரையில், சிருங்கிபேரபுரத்தில் வந்து நின்றபோது அவர்களை அக்கரை சேர்த்தவன் குகன். நதியைக் கடக்க உதவுவது ஓடக்காரனின் தொழில்தானே? அப்படி நினைக்கவில்லை ராமன். அவனைத் தன் உடன்பிறப்பாகவே வரித்துக்கொண்டதைக் கம்பர் நெஞ்சுருகப் பாடியிருக்கிறார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போதும் ராமன் மறக்கவில்லை. பரதனுக்குச் சேதி சொல்ல அனுமனை அனுப்புகையில், வழியில் குகனிடமும் தான் நலமாகத் திரும்பிய செய்தியைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னதாக வால்மீகி கூறுகிறார். கரை சேர்ந்த பிறகும் ஓடக்காரனை நினைக்கிற மனம் அது!

அனுமனுக்கு ராமன் பட்ட கடன் இன்னும் பெரியது. சீதையைக் கண்டு வந்தவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறொன்றும் இல்லையே என்று மார்போடு தழுவிக்கொண்டான். பட்டாபிஷேகம் முடிந்து, சக்கரவர்த்தியாகிவிட்ட பிறகாவது கடனைத் தீர்த்திருக்கலாம் அல்லவா?

உத்தர காண்டத்தில் ராமன் சொல்லும் பதில் வியக்க வைக்கிறது. நீ செய்த உதவி என்னுள்ளேயே ஜீரணமாகிவிடட்டும் என்கிறான். ஒருவன் ஆபத்தில் சிக்கும்போதுதானே பிரதி உபகாரத்துக்கு இடம் வருகிறது? அப்படியானால், ‘திருப்பிச் செய்ய வாய்ப்பு வேண்டும்’ என்று ஆசைப்படுவது, உதவியவருக்குத் துன்பம் வர வேண்டும் என்று ஆசைப்படுவது போலாகிவிடுமே!

ஆக, சில கடன்கள் தீராமலே இருப்பதுதான் நல்லது. அதற்காக மறந்துவிடலாமா? கூடாது. தீர்க்க முடியாத கடனைச் சுமப்பதற்குத்தான் நன்றி என்று பெயர். தீர்த்துவிட்டால் அது வெறும் கணக்கு.

மனிதர்களுக்குப் பட்ட கடன்

திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். விருந்தோம்பல், இனியவை கூறல், அதையடுத்து செய்ந்நன்றி அறிதல். புதிதாக வந்தவரை வரவேற்கிறோம். இனிமையாக நாலு வார்த்தை பேசுகிறோம். அதைப் பெற்றவர் மனதில் நன்றி பிறக்கிறது. டெல்லியில் எங்களுக்கு நடந்ததும் இதே வரிசையில்தான்.

தேவர், ரிஷி, பித்ரு என மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கிறான் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சதபத பிராமணம் நான்காவதாக ஒன்றையும் சேர்க்கிறது. அது மனுஷ்ய ரிணம், சக மனிதர்களுக்குப் பட்ட கடன். அதைத் தீர்க்கும் வழி? வருகிறவர்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கொடுப்பது! ‘உனக்குக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடு’ என்று அது கட்டளையிடவில்லை என்பதுதான் அழகு.

இதைப் படிக்காமலே அறிந்திருந்தாள் என் பாட்டி. ஒரு விடுமுறையில் நாமக்கல் போனோம். மேற்கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர் முன் அப்பா கலங்கிப்போய் நின்றார். பிறகு 500 ரூபாயை எடுத்துக்கொண்டு உண்டியல் பக்கம் போனார். பாட்டி தடுத்தாள்.

“உண்டியல்ல போட்டா சாமிக்குச் சேரும். அந்தப் பிள்ளைக்குச் சேருமா? அவன்கிட்ட பட்ட கடனைச் சாமி தலையில தள்ளிவிடாதே. அவனை மாதிரி வர்றவனுக்குக் கொடு.”

உண்டியல் காணிக்கை புண்ணியம்தான். ஆனால், மனிதருக்கு இழைத்த குறையை மனிதரிடம்தான் நேர்செய்ய வேண்டும் என்பது அவள் தர்மம்.

அதன் பிறகு, டெல்லியில் இருந்தவரை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் எதைப் பார்த்தாலும் அப்பா போய்ப் பேசுவார். 1973-ல் கும்பாபிஷேகம் கண்ட அந்த உத்தர சுவாமிமலை, ஊரைவிட்டு வந்தவர்களின் தாய்வீடு. அங்கே விசாரித்துக்கொண்டு மறுநாள் ஸ்டவ், பால், அரிசி, உப்போடு அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார். சாமான் இறக்க வருகிறவர்களிடம் பேரம் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். “இப்போ கடன் தீர்ந்துதாப்பா?” என்று ஒருமுறை கேட்டேன். “இல்லம்மா... ஆனா, வட்டி கட்டிட்டு வர்றேன்” என்று சிரித்தார்.

பாட்டி இப்போது இல்லை. கம்பளி இருக்கிறது. அப்பா அதை யாரையும் போர்த்திக்கொள்ள விடுவதில்லை. தை பிறந்ததும் வெயிலில் உலர்த்தி, மடித்து, பூஜை அறைப் பரணில் வைப்பார்.

நீங்களும் வீடு மாறலாம். நல்ல நாள் பாருங்கள், குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள், பால் காய்ச்சி முதல் டம்ளரை சுவாமிக்கு நைவேத்தியம் செய்யுங்கள். இரண்டாவது டம்ளரை வாசலில் வியர்வையைத் துடைத்தபடி நிற்கிற மனிதருக்குக் கொடுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.