காமாலை என்று எழுதுவது

காப்பீட்டுப் பணம் கோரும் படிவத்தில் மரணத்துக்குக் காரணம் என்ன என்று எழுத ஓர் இடம் விட்டிருக்கிறது. ஒரு விரல் அகலம்தான் இருக்கும். சில வாரங்களுக்கு முன் அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று நான் தயங்கியதிலிருந்து இந்தக் கட்டுரை வந்தது.

எங்கள் கிளைக்குக் கீழக்குயில்குடியிலிருந்து வருகிறவர்கள் அதிகம். மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய் நாகமலைப் புதுக்கோட்டையில் திரும்பினால் சமணர் மலை, மலையடியில் ஊர். அவ்வூர்ப் பெண் ஒருத்தி, நாற்பதுக்குள் இருக்கும், கணவனின் இறப்புச் சான்றிதழையும் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து 436 ரூபாய் பிடித்துக்கொண்டு, இறந்தால் இரண்டு லட்சம் தரும் பிரதம மந்திரி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் அவன் சேர்ந்திருந்தான். சேர்த்தவன் நான்தான். இத்திட்டத்தில் சாவு எதனால் வந்தாலும் பணம் உண்டு. ஆகவே அந்த இடத்தில் எதை எழுதினாலும் அவளுக்கு நஷ்டமில்லை.

“மஞ்சக்காமாலைன்னு போட்டுக்கங்க சார்” என்றாள்.

அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன். சனிக்கிழமைச் சம்பளம். கடைசி ஒரு வருஷம் கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காலும் வீங்கிய பிறகு பெரியாஸ்பத்திரி. காமாலை காரணமல்ல, அடையாளம். ஈரல் வெந்துபோனதன் அடையாளம். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: “குடிச்சுச் செத்தான்னு எழுதிராதீங்க சார். மூத்தவன் பதினொண்ணு படிக்கிறான். நாளைக்கு அவனையுந்தான் சொல்லுவாங்க.”

ஐந்து வருஷங்களுக்கு முன் என் நண்பன் ஒருவன் இறந்தான். கவிஞன். இந்தப் பத்திரிகையைப் போன்றவற்றில் அவன் கவிதைகள் வந்திருக்கின்றன. அவனுக்கும் இதே ஈரல், இதே மஞ்சள், இதே வயிறு. இரங்கல் கூட்டத்தில் ஒருவர், அவன் தன்னையே எரித்துக்கொண்டான் என்றார். இன்னொருவர், சமூகத்தோடு சமரசத்துக்கு மறுத்தவனின் முடிவு இது என்றார். குடி அவனுக்கு ஒரு மொழி என்று நான் பேசினேன். சிலர் தலையசைத்தார்கள். சென்ட்ரிங்காரன் கையில் இருந்ததும் அதே 180 மில்லி பாட்டில்தான். அவன் அதில் எந்த மொழியைப் பேசினான் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் நண்பன் காலனிவாசி, மனைவி ஆசிரியை. இரண்டு முறை ரத்தவாந்தி எடுத்தபோதும் காரில் தூக்கிப்போட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து அவனை மீட்டார்கள். அவனுடைய கலகத்துக்குப் பத்து வருஷம் கூடுதலாகக் கிடைத்தது.

ஒரே ஈரலுக்கு விலாசத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. கவிஞனுக்குத் தற்கொலைத்தனமான மேதைமை. அதிகாரிக்கு ‘லிவர் டிரபிள்’. கூலிக்காரனுக்கு ஒழுக்கக்கேடு, அல்லது அவன் மனைவியின் கெட்டிக்காரத்தனத்தால் காமாலை. யார் பொறுப்பு என்ற கேள்வியை நாம் கேட்பதற்கு முன்பே விலாசம் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது.

கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு நகரம் விலாசங்களாகத்தான் தெரிகிறது. காலனிகளிலிருந்து வாரிசுதாரராக வருகிறவர்கள் நரைத்த பிள்ளைகள். அப்பாவுக்கு எண்பது வயது. கிராமத்திலிருந்தும் குடிசைத் தெருக்களிலிருந்தும் வருகிறவர்கள் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள். காலனியில் குடிப்பதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே குடி வீட்டுக்குள், பிரிட்ஜுக்குள் இருக்கிறது. சாப்பிட்ட வயிற்றில், முந்திரிப் பருப்போடு இறங்குகிறது. மேல்நாடுகளில் இதை ஆராய்ந்தவர்கள் ஒரு முரணைக் கண்டிருக்கிறார்கள். வசதியுள்ளவர்களை விட ஏழைகள் அதிகம் குடிப்பதில்லை, பல கணக்குகளில் குறைவாகவே குடிக்கிறார்கள்; ஆனால் குடியினால் ஆஸ்பத்திரிக்கு வருவதும் சாவதும் அவர்களே அதிகம். வெறும் வயிறு, அவசரமாக ஒரே மூச்சில் குடிப்பது, ஏற்கெனவே நொந்த உடம்பு, ஆஸ்பத்திரிக்குக் கடைசிக் கட்டத்தில் போவது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழுவொன்றின் 2008ஆம் வருஷ அறிக்கை கிளாஸ்கோ நகரத்தைக் காட்டிற்று. அங்கே கால்டன் பகுதியில் பிறக்கும் ஆண்பிள்ளை எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 54 வருஷம். சில மைல் தள்ளி லென்ஸியில் 82. இந்த 28 வருஷ வித்தியாசம் முழுவதற்கும் குடியே காரணமல்ல. ஆனால் அதன் பங்கு சிறியதுமல்ல.

அரிஸ்டாட்டில் நம்மை விடமாட்டார். நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியில், குடித்துவிட்டுச் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை விதிப்பதை அவர் நியாயமென்கிறார். குடிக்காமலிருப்பது அவன் கையில் இருந்தது; தொடக்கம் அவனிடம்தான் இருக்கிறது. எறிந்த கல்லைத் திரும்ப அழைக்க முடியாதுதான், ஆனால் எறியாமலிருந்திருக்கலாம். கல்லூரியில் இதைப் படித்தபோது மறுக்கமுடியாததாகத் தெரிந்தது. எங்கெல்ஸ் 1845ல் இங்கிலாந்துத் தொழிலாளரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் நேரெதிராகச் சொன்னார்: அந்த வாழ்நிலையில் குடி ஒரு தீயொழுக்கமாக இருப்பது நின்றுவிடுகிறது, அது விளைவு, அதற்கு அவனைப் பொறுப்பாக்க முடியாது. நம்மிடையே முற்போக்காளர்கள் எங்கெல்ஸையும் மற்றவர்கள், படிக்காமலே, அரிஸ்டாட்டிலையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டும் போதவில்லை. அதற்குக் காரணம் கீழக்குயில்குடிதான்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களில் முதன்முதலாக, 1914ல், அறிவிக்கப்பட்டவர்கள் இவ்வூர்க்காரர்கள். பிறகுதான் சட்டம் மற்ற ஊர்களுக்குப் பரவியது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். விரல்ரேகை எடுத்தார்கள், ஆண்கள் இரவில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். திருடினாயா என்பது கேள்வியல்ல. எந்த ஊர், யார் மகன் என்பதே கேள்வி. 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. ஆக, ஒரு மனிதனின் செயலுக்கு அவன் பிறந்த இடமே காரணம் என்ற தத்துவத்தை இவ்வூர் புத்தகத்தில் படிக்கவில்லை. ராத்திரி போலீஸ் முன் நின்று கற்றுக்கொண்டது.

இந்த நிலையில் நான் போய், உன் கணவன் செத்தது அவன் குற்றமல்ல, இடத்தின் குணம் என்று சொன்னால் அது அவளுக்கு ஆறுதலா? அவள் மகனைப் பற்றி அவள் பயப்படுவது இதற்குத்தானே! இன்ன பகுதியில் பிறந்தவன் இப்படித்தான் சாவான் என்று பச்சாதாபத்தோடு வரையப்பட்ட வரைபடத்துக்கும், இன்ன ஊரில் பிறந்தவன் திருடுவான் என்று பயத்தோடு வரையப்பட்ட வரைபடத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நான் நிறைய யோசித்தேன். தூரம் உண்டு, ஆனால் நான் நம்பியிருந்த அளவு இல்லை.

வரைபடத்தில் இன்னொரு விஷயத்தையும் குறிக்கலாம், அதைத்தான் யாரும் குறிப்பதில்லை. கடை எங்கே இருக்கிறது, யார் வைத்தது?

மதுரையில் ஈரல் கெட்டவர்களை எடுத்துப்போகும் பெரியாஸ்பத்திரிக்கு முன்பு எர்ஸ்கின் என்ற கவர்னர் பெயர். இன்று ராஜாஜி பெயர். அதே எர்ஸ்கின் கவர்னராக இருந்த காலத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்வருமானம் போன பள்ளத்தை மூட 1939ல் விற்பனை வரி வந்தது. பிறகு மதுவிலக்கு போயிற்று, வந்தது, போயிற்று; 1971, 1974, 1981 என்று வருஷங்களைச் சொன்னால் போதும். 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு 2023-24ல் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். வரி வந்தது, மதுவும் வந்தது, இரண்டும் தங்கிவிட்டன.

2003ஆம் வருஷ விதிகளின்படி, நகராட்சி, மாநகராட்சிகளில் பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் கடை 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 100 மீட்டர். நமது தார்மீகத்துக்கு டேப் வைத்து அளந்த எல்லை இதுதான்! நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடியவற்றுக்கு ஊருக்குள்ளே, வீடுகளுக்கு நடுவே இடம் தேடினார்கள். காரில் போகிறவர்களின் உயிரைக் காக்க வந்த தீர்ப்பு, தெருவில் நடப்பவர்களின் வாசலுக்குக் கடையைக் கொண்டுவந்தது. பெண்கள் மறித்தார்கள், சில ஊர்களில் பாட்டில்களை உடைத்தார்கள். எந்தத் தெருவில் எதிர்ப்பு பலித்தது, எதில் பலிக்கவில்லை என்று பார்த்தால் மறுபடியும் விலாசத்துக்கே வந்துசேர்வோம். காலனியில் ஒரு வழக்கறிஞர் இருப்பார், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி இருப்பார். ஒரு கடையை இடம் மாற்றச் சொல்லி 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தின் மேல் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை.

வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்துவிட்டு, கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தது ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியாமலிருந்தது. இப்போது அது சரியான இடமென்று தோன்றுகிறது. (கீழக்குயில்குடிக்கு இரண்டு கட்சியும் பழக்கம். மலைமேல் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர்கள் வட்டெழுத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மதுவென்ன, தேனைக்கூடத் தொடாத சமயம். மலையடியில் அய்யனாரும் கருப்பசாமியும். கருப்பனுக்குச் சாராயம் படைப்பது நம் பக்கத்து வழக்கம்.)

கள்ளக்குறிச்சியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். சாவு அறுபதைத் தாண்டியது. கருணாபுரம் காட்டுக்குள் இல்லை. நீதிமன்றமும் போலீஸ் ஸ்டேஷனும் அருகிலிருக்கும் கூலிக்காரர்களின் குடியிருப்பு. மெத்தனாலை உடம்பு பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பு முதலில் போகிறது. சாதாரண எத்தனாலையே மாற்றுமருந்தாகக் கொடுத்து அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தலாம் என்பது வைத்திய சாஸ்திரத்தின் குரூரமான ஹாஸ்யம். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். குடித்தவனுக்கு எதற்குப் பணம் என்று படித்தவர்கள் கொதித்தார்கள். என் அலுவலகத்திலும் கொதித்தார்கள். அதே தெருக்களில், முத்திரை ஒட்டிய பாட்டிலால், பதினைந்து வருஷத்தில் ஒவ்வொருவராகச் செத்தவர்களைப் பற்றி யாரும் எந்தப் பக்கமும் கொதிக்கவில்லை. ஒரே ராத்திரியில் செத்தால் சம்பவம், அதற்குக் கமிஷன் உண்டு. தனித்தனியாகச் செத்தால் அவரவர் சுபாவம். காலத்தைச் சற்று நீட்டிவிட்டால் போதும், கொலை சுபாவமாகிவிடுகிறது.

தனித்தனிச் சாவுகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு எங்காவது அவை எழுதப்பட்டிருக்க வேண்டும். 2020ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்றவர்கள் வீட்டில் செத்தார்கள், மூச்சு நின்று செத்தார்கள், காமாலையில் செத்தார்கள். ஆகவே அந்தப் பெண் கேட்டபடி நான் எழுதினால், கடையை வைத்தவனைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு புள்ளியை அழிக்கிறேன். எழுதாவிட்டால், ஒரு பையனின் பெயருக்குப் பக்கத்தில் அவன் அப்பனின் பாட்டிலை நிறுத்துகிறேன். எண்ணிக்கையின் பக்கம் நிற்பது எனக்குச் சுலபம், ஏனென்றால் அதில் என் வீட்டுப் பெயர் இல்லை. என் நண்பனின் இறப்புச் சான்றிதழில் என்ன போட்டிருந்தது என்று யோசித்தேன். இருதயம் என்று. அவன் மனைவி கேட்டு வாங்கியது. அப்போது நாங்கள் யாரும் பொதுநலக் கணக்கைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

ஒருவனை அவன் ஊரைக் கொண்டு கணிப்பது அதிகாரத்துக்குச் சௌகரியம். ஊரை மறந்து அவனை மட்டும் கொண்டு கணிப்பது காலனிக்குச் சௌகரியம். இந்த இரண்டு சௌகரியங்களும் இல்லாத ஒரு வாக்கியம், ஒரு விரல் அகல இடத்துக்குள் எழுதக்கூடியது, எனக்கு அகப்படவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நகைக்கடனுக்கு வந்தவர்கள்.

மஞ்சள் காமாலை என்று எழுதினேன்.

“தமிழ்லயா சார் எழுதியிருக்கீங்க? படிங்க.” படித்தேன். சரி என்றாள். பழக்கதோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

“ரேகை வேணாம் சார். கையெழுத்துப் போடுவேன்” என்று பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போயிற்று.